நூறு எண்ணச் சொன்ன சம்பந்தி

முப்பத்தொரு வருஷம் ராசிபுரத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். மின்னோட்டப் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அப்படிப்பட்டவள் கடல் தாண்டிப் போய், ஆக்லாந்தில் ஒரு கடலோரச் சுற்றுலா முகாமில், பட்டப்பகலில், கரண்ட் வயரைக் கருக்கிவிட்டு வந்தேன். முகாமின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. எல்லாம் என் கைவண்ணம்.

போனது மகள் கயலைப் பார்க்க. எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. அங்கேயே வேலை பார்த்த துஷ்யந்தனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்தது மட்டும் அங்கே, வளர்ந்ததெல்லாம் ஆக்லாந்து. தங்கமான பையன். தான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதோடு நிற்காமல் என் தட்டையும் பிடுங்கிக் கழுவுவான். என் கணவர் வரவில்லை. அத்தனை மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து வருவதற்குத் தான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டார்.

சிக்கல் மாப்பிள்ளையின் அம்மாவிடம். கௌரி என்று பெயர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆக்லாந்திலேயே த்ரீ கிங்ஸ் என்கிற பகுதியில் குடியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் கல்யாணம் நடந்தபோது, பட்டுப்புடவையில் நின்ற என்னைப் பார்த்து அவர் ஆசையாக, "நீங்கள் நல்ல வடிவா இருக்கிறியள்" என்றார். வடிவம் என்றால் எனக்குத் தெரிந்தது முக்கோணமும் சதுரமும்தான். "என்ன வடிவம்ங்க, வட்டமா?" என்று என் இடுப்பைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். என் உடம்பை நானே கிண்டல் செய்ததாக எனக்கு நினைப்பு. மண்டபத்தில் இருந்த எங்கள் சனம் அத்தனையும் விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு விட்டார்களா? பந்தியில் அவர் இலைக்கு முன்னால் வந்து நின்று, "வடிவா சாப்பிடுங்க, வடிவா சாப்பிடுங்க" என்று ஆளாளுக்குப் பாடினார்கள்.

அன்று மத்தியானத்தில் இருந்து அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசவில்லை. பேச்சையே நிறுத்தியிருந்தால் சண்டை என்று எடுத்துக்கொள்ளலாம். இவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். தீபாவளிக்கு வீடியோவில் வந்தால், "இனிய வாழ்த்துகள், மிஸஸ் தங்கவேல்" என்பார், விமான நிலையத்து அறிவிப்பு மாதிரி. தங்கவேல் என் கணவர். வடிவு என்றால் அழகு என்று அர்த்தம் என்பதைக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கயல்தான் சொன்னாள். தெரிந்த பிறகும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இந்த லட்சணத்தில் துஷ்யந்தன் ஒரு நண்பனிடம் கேம்பர் வேன் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அடுப்பு, படுக்கை, பிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. நாலு பேரும் மூன்று நாள் அதற்குள் கிடந்தால் அம்மாக்கள் இரண்டு பேரும் ராசியாகிவிடுவார்கள் என்று இந்தப் பிள்ளைகள் போட்ட திட்டம். புறப்படுவதற்கு முன் கயல் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, மூணே நாள். யாருக்கும் பாடம் எடுக்காத, யாரையும் திருத்தாத. நீ தமிழ்ல சொல்றதை அத்தைகிட்ட சொல்லி, அத்தை இங்கிலீஷ்ல சொல்றதை உங்கிட்ட சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. இந்தத் தடவையும் சரியாகலைன்னா, இனிமே உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சு ஒரு நல்ல காரியம் செய்ய மாட்டேன். தனித்தனியாவே வந்துட்டுப் போங்க."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. சத்தியமாக வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை. சாமான் வாங்க முதலில் மனுகாவ் மாலுக்குப் போனோம். மாப்பிள்ளை தான் ஓட்டுவது கார் இல்லை என்பதை மறந்து, கார் நிறுத்தும் இடத்துக்குள் வண்டியை விட்டான். தலைக்கு மேல் உயரம் எழுதிய மஞ்சள் கம்பி ஒன்று தொங்கியது. வண்டி அதற்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின்னால் ஏழெட்டுக் கார்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டாக இருந்தால் இதற்குள் துஷ்யந்தனின் ஏழு தலைமுறையையும் விசாரித்திருப்பார்கள். இங்கே ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கடைசிக் காரில் இருந்து ஒரு பெண் இறங்கி வந்து, ஒவ்வொரு காராகப் பின்னால் நகர்த்தச் சொல்லி, எங்களுக்கும் கை காட்டி வெளியே எடுத்துவிட்டாள். அவளுடைய முகத்தில் சலிப்பே இல்லை. அது எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

வண்டி ஒடித்துத் திரும்பியதில் அலமாரிக் கதவு திறந்துகொண்டு, வீட்டில் இருந்து எடுத்து வந்த வெங்காயமெல்லாம் உருண்டது. நான் மடியில் வைத்திருந்த ரைஸ் குக்கரைக் கட்டிப் பிடித்தேன். ராசிபுரத்தில் இருந்து தூக்கி வந்த குக்கர் அது. சம்பந்தி பறந்து வந்த தேங்காய்ப் பால் டின்னை ஒற்றைக் கையால் பிடித்தார். "நல்லாப் புடிச்சீங்க" என்றேன். "நன்றி, மிஸஸ் தங்கவேல்" என்றார் ஆங்கிலத்தில். கயல் முன் இருக்கையில் இருந்து திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

முகாமில் எங்களை எதிர்கொண்டவர் ட்ரெவர் என்கிற காப்பாளர். எழுபது வயதிருக்கும். அரை டிராயர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கேள்வி எதைக் கேட்டாலும் "ஆமாம், இல்லை" என்று ஆரம்பிப்பார். குளிக்க வெந்நீர் வருமா என்றால், "ஆமாம், இல்லை, வரும்." மழை வருமா என்றால், "ஆமாம், இல்லை, வராது." கடைசியில் வருகிற வார்த்தைதான் விடை என்று பிடிபட எனக்குப் பாதி நாள் ஆனது.

வண்டி நிற்கிற ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அதில் மூடி போட்ட நீலநிறப் பிளக் பாயின்ட், பக்கத்தில் ஒரு சுவிட்ச். அங்கிருந்து வண்டிக்குக் கரண்ட் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்த் திருவிழாவில் பஜ்ஜிக் கடைக்காரர் இரண்டு வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்து, பிளக் ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி நிறுத்திவிட்டு வியாபாரத்தைத் தொடங்கிவிடுவார். இங்கே ட்ரெவர் முதலில் வண்டியின் கண்ணாடியில் மின் பாதுகாப்புச் சான்று ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வயரில் சோதனைச் சீட்டு கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வயரையே ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற கவனம். அதன் பிறகு நின்று நிதானமாக ஏதோ விளக்கினார். அவருடைய உச்சரிப்பில் எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் வகுப்பில் கடைசி பெஞ்ச் பிள்ளைகள் இப்படித்தான் ஆட்டும். அவர்களை நான் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பேன். ட்ரெவர் நல்ல மனிதர், கேட்கவில்லை.

வயர் ஓர் இராட்டினத்தில் சுற்றியிருந்தது. இருபது மீட்டர் நீளம். துஷ்யந்தன் அதை முழுக்கப் பிரித்துப் புல்லில் போட்டான். வண்டிப் பக்கத்தை முதலில் மாட்டி, அப்புறம் கம்பத்துப் பக்கத்தை மாட்டி, கடைசியாக சுவிட்சைப் போட்டான். எங்கள் கம்பம் வண்டிக்கு நாலு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. இவ்வளவு வயரை எதற்கு இழுத்துப் போடுகிறான் என்று என் வாய் துறுதுறுத்தது. கயலுக்குச் செய்த சத்தியத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கடற்கரையில் காகிதத்தில் பொதிந்த மீன் வறுவலும் உருளைக்கிழங்கும். உப்பைத் தவிர அதில் ஒரு ருசியும் இல்லை. சம்பந்தி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தல் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளை எடுத்தார். தன் மீனில் தூவிக்கொண்டு, போத்தலை என் பக்கம் நகர்த்தினார். "கவனம், காரம்" என்றார் ஆங்கிலத்தில். கண்ணில் தண்ணீர் வந்தாலும் காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டேன். அன்றைக்கு நான் போட்ட டீ மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. சாயம் இறங்கவில்லையாம், இன்னும் நேரம் ஊற வேண்டுமாம். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலை நல்ல குளிர். ஏப்ரல் மாதம், நம் ஊரில் தார் உருகுகிற நேரத்தில் அங்கே புல்லெல்லாம் பனி. பிள்ளைகள் இரண்டு பேரும் பால் வாங்க டெய்ரிக்கு நடந்து போனார்கள். நான் மாட்டுப் பண்ணை என்று நினைத்து, "கறந்த சூட்டோட வாங்கிட்டு வாங்க" என்றேன். அந்த ஊரில் டெய்ரி என்றால் தெருமுனைப் பெட்டிக்கடையாம். துஷ்யந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான்.

நான் வெளியே வந்து பார்த்தேன். இருபது மீட்டர் வயர் புல்லில் இங்கும் அங்கும் கிடந்தது. யாராவது தடுக்கி விழுந்தால்? பனியில் நனைந்தால்? எங்கள் வீட்டில் அயர்ன் பாக்ஸ் வயரைச் சுற்றாமல் வைத்தால் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி கிடையாது. திருத்தக் கூடாது என்றுதான் கயல் சொன்னாள், அடுக்கி வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. கம்பத்துக்கும் வண்டிக்கும் தேவையான அளவை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் முழுவதையும் இராட்டினத்தில் கச்சிதமாகச் சுற்றினேன். சுவிட்சை அணைக்கவும் இல்லை. ஓடுகிற கரண்டோடு சுற்றினேன். பிறகு இராட்டினத்தை வண்டிப் படிக்கு அடியில் தள்ளி, பனி படாமல் இருக்க மாப்பிள்ளையின் துண்டை எடுத்து இரண்டாக மடித்துப் போர்த்தினேன்.

அடுத்து சமையல். இங்கேதான் என் படிப்பைக் காட்டினேன். ஹீட்டர் ஆயிரத்து ஐந்நூறு வாட். சம்பந்தி தேங்காய்ப் பால் குழம்பான சொதியை வைக்கிற மின்னடுப்பு ஆயிரத்து இருநூறு. வெண்பொங்கலுக்கு என் ரைஸ் குக்கர் எழுநூறு. மொத்தம் மூவாயிரத்து நானூறு, அதை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் பதினைந்து ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. கம்பத்தில் பதினாறு என்று எழுதியிருக்கிறது. கெட்டில் போட்டால் தாண்டிவிடும் என்று டீக்கு வெந்நீரை முகாமின் பொதுச் சமையலறையில் போய்ப் பிடித்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைச் செய்த பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

சம்பந்தி உள்ளே சொதியைக் கிண்டிக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பால் திரிந்துவிடும் என்று பக்கத்தைவிட்டு நகரவில்லை. நான் கம்பத்துக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கடலைப் பார்த்தபடி, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டீப்பாத்திரத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டு வெந்நீரை ஊற்றி மூடினேன். நேற்று மாதிரி ஆகிவிடக் கூடாது என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"டீத்தூள் எவ்வளவு நேரம் ஊறணும்ங்க?"

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"என்னவோ மணக்குது."

எனக்கு ஒரு நிமிஷம் காதை நம்ப முடியவில்லை. தமிழ். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் தமிழ். அதுவும் பாராட்டு.

"ஏலக்காய்ங்க" என்றேன். குரல் எனக்கே குழைந்து கேட்டது. "நம்ம ஊர்ல இருந்து கொண்டாந்தது."

"இல்லை, மணக்குது. நல்லா மணக்குது."

"நாலு தட்டிப் போட்டேன்ங்க. அடுத்த தடவை உங்களுக்கு ஒரு டப்பா கொண்டாறேன்."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம். உடனே, "நூருங்கோ, கெதியா நூருங்கோ" என்றார்.

நான் டீக்கு நேரம் கேட்டிருந்தேன் அல்லவா? நூறு எண்ண வேண்டும் என்கிறார். எங்கள் பக்கம் இட்லித் தட்டைக்கூடச் சிலர் எண்ணிக்கை வைத்துத்தான் இறக்குவார்கள், இதில் என்ன அதிசயம்? கெதியா என்பது மட்டும் புரியவில்லை. 'நிதானமா' என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆயிரம் எண்ணச் சொல்லியிருந்தாலும் எண்ணியிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தேன்.

"நூருங்கோ எண்டு சொல்லுறன், கேக்கேல்லையோ?"

"எண்ணிட்டுத்தான் இருக்கேன்ங்க. பதினொண்ணு. பன்னெண்டு."

"ஐயோ, நூருங்கோ."

"அவசரப்பட்டா சாயம் இறங்காதுங்க. பத்தொம்பது. இருபது."

இருபத்தாறில் என் மூக்குக்கும் வந்து சேர்ந்தது. ஏலக்காய் இல்லை. டயர் எரிகிற நாற்றம். திரும்பினேன். படிக்கு அடியில் இருந்து கறுப்புப் புகை எழுந்து வாசலை மூடிக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்கு அது ஒன்றுதான் வாசல். அந்தப் புகைக்குள் இருந்து சம்பந்தி நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே குதித்தார். வெறுங்கால், நனைந்த புல். குதித்தவர் ஓட வேண்டியதுதானே? குனிந்து அந்த இராட்டினத்தை இழுத்துப் போடக் கையை நீட்டினார். தோல் உருகி, உள்ளே கம்பி தெரிகிற வயரை.

"தொடாதீங்க."

அது சம்பந்திக்குச் சம்பந்தி போடுகிற குரல் இல்லை. அறுபது பிள்ளைகள் இருக்கிற ஆய்வகத்தில் போடுகிற குரல். சம்பந்தி கையை நீட்டிய நிலையிலேயே கல்லாகி நின்றார். தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ட்ரெவர் இயந்திரத்தை நிறுத்தினார். பக்கத்து வண்டி நாய்கூட உட்கார்ந்துவிட்டது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்க் கம்பத்தின் சுவிட்சை அணைத்தேன்.

ட்ரெவர் ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்தார். முதலில் கம்பத்தில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம் வண்டிப் பக்கம். ஒரு குச்சியால் இராட்டினத்தை வெளியே இழுத்தார். மாப்பிள்ளையின் துண்டு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேல் சுற்றுகள் சுமாராக இருந்தன, உள்சுற்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று உருகி அல்வாத் துண்டு மாதிரி ஆகியிருந்தன.

"இதைச் சுற்றி வைத்தது யார்?" என்றார் ஆங்கிலத்தில். கோபம் இல்லை, ஆனால் விடை தெரியாமல் போக மாட்டார் என்று தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி, "நாங்கள்தான்" என்றார்.

நாங்கள்.

ட்ரெவர் தலையைச் சொறிந்துகொண்டு விளக்கினார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வயரில் கரண்ட் ஓடினால் சூடு வரும். விரித்துப் போட்டால் அது காற்றில் போய்விடும். சுற்றி வைத்தால் ஒரு சுற்றின் சூடு அடுத்த சுற்றுக்குப் போகும், எல்லாமாகச் சேர்ந்து உருகும். கம்பத்தில் இருக்கிற பாதுகாப்பு பதினாறு ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும், சூட்டைப் பார்த்து விழாது. மேலே துண்டு வேறு போர்த்தினால் கேட்கவே வேண்டாம். "சூடு போவதற்கு இடம் வேண்டும், அல்லவா?" என்றார்.

நான் கை கட்டி நின்றேன். சுற்றி வைத்த கம்பி ஏன் அதிகம் சூடேறுகிறது என்பது நானே எத்தனையோ காலாண்டுத் தேர்வில் கேட்ட கேள்வி. ட்ரெவர் மாட்டுகிற வரிசையையும் கழற்றுகிற வரிசையையும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஏன் அந்த வரிசை என்று கேட்டார். கரண்ட் இருக்கிற முனை ஒருபோதும் கையில் இருக்கக் கூடாது என்பதற்காக என்றேன். "ஆமாம், இல்லை, சரி" என்றார். வேறு வயர் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தியின் முகம் சிவந்திருந்தது.

"புகைக்குள்ளை நிண்டு நூருங்கோ நூருங்கோ எண்டு கத்துறன். நீங்கள் அங்கை இருந்து ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணுறியள். அண்டைக்குக் கலியாணத்திலை சபை நடுவிலை பகிடி பண்ணினது காணாதோ? நான் செத்தாலும் உங்களுக்கு என்ரை தமிழ் பகிடிதான் என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேலி செய்தேன் என்று நினைத்திருக்கிறார். சாகக் கிடக்கிறவரைக் கேலி செய்கிற பிறவி என்று என்னைப் பற்றி நினைப்பதற்கு நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

"நூறு எண்ணச் சொல்றீங்கன்னு நினைச்சேன்ங்க" என்றேன். "டீ எவ்வளவு நேரம் ஊறணும்னு கேட்டிருந்தேன். நீங்க நூறுங்கோன்னீங்க. சரி, நூறு எண்ணிட்டு வடிகட்டலாம்னு..."

"நூறு எண்டு ஆர் சொன்னது? நூருங்கோ. லைற்றை நூர்க்கிறது, அடுப்பை நூர்க்கிறது. கம்பத்துச் சுவிட்சைக் கெதியா, உடனை நூருங்கோ எண்டனான். உங்கடை ஊரிலை நூர்க்கிறேல்லையோ?"

"நாங்க அணைப்போம்ங்க. இல்லைன்னா நிறுத்துவோம்."

"மணக்குது எண்டு சொன்னனே, அது?"

"எங்களுக்கு மணக்குதுன்னா நல்ல வாசனைங்க. ஏலக்காயைச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

அவர், நான் பொய் சொல்கிறேனா என்று நர்ஸ் பார்வையில் பார்த்தார். பிறகு, "அதுதானோ ஒரு டப்பா தாறன் எண்டனீங்கள்" என்றார். வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். தோள் குலுங்கியது சிரிப்பில். எனக்கும் தொற்றிக்கொண்டது. கருகின வயருக்கு முன்னால் இரண்டு கிழவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து அந்த நாய் குரைத்தது.

சிரித்து ஓய்ந்ததும் சொல்லிவிட்டேன். "கல்யாணத்துல நான் செஞ்சது தப்புங்க. வடிவுன்னா அழகுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. ஒரு மாசம் கழிச்சுக் கயல் சொல்லித்தான் தெரியும். மன்னிச்சுக்குங்க."

"ஒரு மாசத்திலை தெரிஞ்சால் ரெண்டு வருசம் ஏன் சொல்லேல்லை?"

"டீச்சருங்க தப்பை ஒத்துக்கிட்டுப் பழக்கமில்லைங்க."

"நர்ஸ்மாரும் அப்பிடித்தான்" என்றார் அவர். "நானும் அந்த மிஸஸ் தங்கவேலை விட்டிருக்கலாம். வாய் விடேல்லை."

சொதி திரிந்துபோயிருந்தது, பொங்கல் பாதி வெந்திருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு பொதுச் சமையலறைக்குப் போனோம். வெண்பொங்கலுக்குச் சொதி ஊற்றிச் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. திரிந்த சொதியாக இருந்தும் நன்றாகத்தான் இருந்தது. வடிகட்ட மறந்த டீயோ கஷாயம் மாதிரி கறுத்துவிட்டது. சம்பந்தி அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இப்போதுதான் தேத்தண்ணி மாதிரி இருக்கிறது என்றார்.

பால் பாக்கெட்டோடு வந்த கயல் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். நானும் அவள் மாமியாரும் சொதிக்கு வெந்தயம் எப்போது போடுவது என்று தமிழில் தகராறு செய்துகொண்டிருந்தோம். "என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்டுமில்லை பிள்ளை, வயர் பழசு" என்றார் சம்பந்தி. துஷ்யந்தன் தன் துண்டைத் தேடினான். நாங்கள் இருவரும் வெந்தயத் தகராறுக்குத் திரும்பினோம்.

ட்ரெவர் கொண்டு வந்த வயரை நானே விரித்தேன். சுருளாக இல்லாமல், நீள நீளமாக வளைத்து, நடைபாதையைவிட்டு ஒதுக்கி, தண்ணீர் தேங்காத மேட்டில் போட்டேன். அதன் பிறகு சம்பந்தி ஹீட்டர் போட்டால் நான் குக்கரை நிறுத்தினேன். ட்ரெவர் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு ஒரு பை நிறைய ஃபீஜோவா கொடுத்தார். கொய்யாவுக்கு யாரோ சென்ட் அடித்துவிட்டது போன்ற பழம். மிளகாய்த்தூள் தூவித் தின்றால் பிரமாதம்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும் நேரம். பிள்ளைகள் ட்ரெவரிடம் விடைபெறப் போயிருந்தார்கள். வயரைக் கழற்றுகிற பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்த சம்பந்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சம்பந்தி, நூர்த்தாச்சோ?"

சுவிட்சை இன்னொரு தடவை பார்த்தேன். கம்பத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் வண்டிப் பக்கம். இரண்டு முனையையும் கையில் தூக்கிக் காட்டினேன்.

"ஓம், நூர்த்தாச்சு."

அவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்பதான் வடிவாக் கதைக்கிறியள்" என்றார்.

என்ன வடிவம் என்று நான் கேட்கவில்லை.